வரிசைக்கு எத்தனை புள்ளி?

வானொலியில் பாட்டைக் கேட்கலாம், பேச்சைக் கேட்கலாம், படத்தைக் காண இயலுமா? இயலாது என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆயினும் இன்று உங்களுக்கு ஒரு படத்தை என் குரலாலேயே அனுப்பிப் பார்க்கப் போகிறேன். அருகில் தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் மனத்திலேயே வரைந்துகொள்ளுங்கள்.

வரிசைக்கு 5 கட்டமாக, 5 வரிசைகள் போட்டுக்கொள்ளுங்கள். நான் 0 என்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். 1 என்றால் கருப்பாக நிரப்புங்கள். மேல் வரிசையிலிருந்து, இடமிருந்து வலமாகச் சொல்லுகிறேன். 0, 0, 1, 0, 0. அடுத்த வரிசை: 0, 1, 1, 1, 0. மூன்றாவது: 1, 1, 1, 1, 1. நான்காவது: 0, 1, 1, 1, 0. கடைசி வரிசை: 0, 0, 1, 0, 0.

என்ன வந்தது? சிறிய வைரம் ஒன்று வந்திருக்கும். மதுரையில் நான் உச்சரித்த 25 எண்கள் உங்கள் வீட்டுத் தாளில் உருவமாகிவிட்டன. கணிப்பொறித் திரையில் நாம் காணும் படங்களெல்லாம் அடிப்படையில் இவ்வளவே. அவை கோடுகளால் ஆனவை அல்ல, புள்ளிகளால் ஆனவை. ஒவ்வொரு புள்ளிக்கும் எண் உண்டு. எண்களை வரிசை தவறாமல் சொன்னால் படம் கிடைக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 25 எண்களுக்கு முன்பே நான் உங்களுக்கு வேறோர் எண்ணைச் சொன்னேன். 'வரிசைக்கு 5 கட்டம்' என்பதுதான் அது. அதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தால், அல்லது நீங்கள் 5-ஐ 4 என்று கேட்டிருந்தால், எண்கள் அத்தனையும் சரியாக இருந்தும் வைரம் சிதறிப் போயிருக்கும். இந்தச் சிறிய எண்ணைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேசப் போகிறேன். அதில் நான் செய்த பிழை ஒன்றும் உண்டு. அதைப் பிறகு சொல்லுகிறேன்.

படத்தைப் புள்ளிகளாகப் பகுத்துக் கணிப்பொறிக்குள் செலுத்தும் முயற்சி 1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெற்றி கண்டது. ரஸ்ஸல் கிர்ஷ் என்ற அறிஞர், தம்முடைய மூன்று மாதக் கைக்குழந்தையின் நிழற்படத்தை இயந்திரத்தின் முன் வைத்தார். ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் சதுரமான படம் அது. இயந்திரம் அதை வரிசைக்கு 176 புள்ளிகளாக, 176 வரிசைகளாகப் படித்தது. ஆக மொத்தம் 30,976 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கருப்பு அல்லது வெள்ளை, அவ்வளவுதான். கற்றை கற்றையாக அறிவியல் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்த பொறிக்குள் முதன்முதலில் நுழைந்த முகம் ஒரு பச்சைக் குழந்தையின் முகம் என்பது எண்ணி மகிழத்தக்க செய்தி அல்லவா? இத்தகைய புள்ளிக்கு இன்று உலகெங்கும் வழங்கும் 'பிக்சல்' என்ற பெயர் 1965-இல் அச்சேறியது. 'படத்தின் கூறு' என்பது அதன் பொருள். தமிழில் படப்புள்ளி என்கிறோம்.

படப்புள்ளி என்ற சொல் நமக்குப் புதிதாக இருக்கலாம், புள்ளி புதிதன்று. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிடும் பெண்மக்களைக் கேளுங்கள். ஒரு வீட்டார் மற்றொரு வீட்டாரிடம் கோலத்தைப் பற்றி விசாரிக்கும்போது கோட்டைப் பற்றியா முதலில் கேட்கிறார்கள்? 'எத்தனை புள்ளி?' என்றுதான் கேட்கிறார்கள். 'ஊடுபுள்ளி, 15-இல் தொடங்கி 8-இல் நிறுத்து' என்று விடை வருகிறது. நடு வரிசையில் 15; அதன் மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8 வரை. அந்த ஒரு வாக்கியத்திலேயே தரையில் எங்கெங்கே மாவு விழவேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது. படத்தைச் சொல்லால் அனுப்பும் வித்தை நம் தெருக்களில் நாள்தோறும் நடப்பதுதான்.

இதை அறிஞர்களும் கண்டிருக்கிறார்கள். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனும் சேர்ந்து 1974-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சொற்களைச் சேர்த்து வாக்கியமாக்குவதற்கு இலக்கணம் இருப்பதுபோல, புள்ளிகளையும் வரிசைகளையும் சேர்த்துக் கோலமாக்குவதற்கும் இலக்கணம் வகுக்கலாம் என்று அதில் காட்டினார்கள். அக்கட்டுரை கணிப்பொறிப் படங்களுக்கென்றே நடத்தப்பட்ட ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் வந்தது. நம் வாசற்படிக் கலை அறிவியல் ஏட்டில் ஏறி ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். நான் கணித ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின், மதுரையில் திருமலை நாயக்கர் மகாலுக்குத் தெற்கே ஒரு சிறிய கூடத்தில், சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குக் கணிப்பொறியில் படம் வரையும் நிரலை எழுதக் கற்றுத் தரத் தொடங்கினேன். பதினொரு பிள்ளைகள், பழைய கணிப்பொறிகள் இரண்டு. எங்கள் திரை மிகச் சிறியது. வரிசைக்கு 32 புள்ளி, 24 வரிசை, ஆக மொத்தம் 768 புள்ளிகள். இன்று பல வீடுகளில் உள்ள திரையில் வரிசைக்கு 1,920 புள்ளிகளாக 1,080 வரிசைகள், அதாவது 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. கற்பதற்கு 768 போதும். நெல் நடக் கற்பவனுக்கு ஒரு பாத்தி போதாதா?

இங்கே ஒரு நுட்பம் உண்டு. திரைதான் வரிசை வரிசையாக இருக்கிறதே தவிர, கணிப்பொறியின் நினைவகம் அப்படி இல்லை. அது ஒரே நீளமான தெருவைப் போன்றது. வீட்டு எண்கள் 0, 1, 2 என்று தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். முதல் வரிசையின் 32 புள்ளிகள் முதல் 32 வீடுகளில் குடியிருக்கும். அடுத்த வரிசை அதற்கு அடுத்த வீட்டில் தொடங்கும். ஆகவே ஒரு புள்ளியின் வீட்டு எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு கணக்குச் செய்யவேண்டும். வரிசை எண்ணை 32-ஆல் பெருக்கி, அதனுடன் வரிசைக்குள் அப்புள்ளியின் இட எண்ணைக் கூட்டவேண்டும். 5-ஆம் எண் வரிசையில் 7-ஆம் எண் இடத்தில் உள்ள புள்ளிக்கு, ஐந்து முப்பத்திரண்டு நூற்று அறுபது, அதனுடன் ஏழு, ஆக 167. எண்ணுவது 0-இலிருந்து தொடங்குவதால், வரிசையின் முதற்புள்ளி 0, கடைசிப் புள்ளி 31. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் தவறு இங்கேதான் பதுங்கியிருக்கிறது.

வண்ணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கருப்பு வெள்ளைக்கு 0, 1 என்ற இரண்டு எண்கள் போதும். வண்ணத்துக்குப் புள்ளி ஒன்றுக்கு மூன்று எண்கள் வேண்டும். சிவப்பு ஒளி எவ்வளவு, பச்சை ஒளி எவ்வளவு, நீல ஒளி எவ்வளவு என்பவை அம்மூன்று. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 256 படிகளை மூன்று முறை பெருக்கினால் 1,67,77,216 வண்ணங்கள் கிடைக்கின்றன. மூன்றும் 0 என்றால் கருப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. ஐயம் உள்ளவர்கள் தங்கள் கைப்பேசித் திரையில் ஒரு சிறு நீர்த்துளியை வைத்துப் பாருங்கள். துளி உருப்பெருக்கிக் கண்ணாடியாகிவிடும். வெண்மையாகத் தோன்றிய இடத்தில் சிவப்பும் பச்சையும் நீலமுமான பொடிப்பொடி விளக்குகள் தெரியும்.

சிவப்பு 255, பச்சை 255, நீலம் 0 என்று போட்டால் என்ன வண்ணம் வரும் என்று பிள்ளைகளைக் கேட்டேன். சாயப் பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஆதலால், மங்கிய பழுப்பு வரும் என்று ஒரே குரலில் சொன்னார்கள். சாயத்தில் அதுவே உண்மை. ஆனால் திரையில் பளிச்சென்று மஞ்சள் வந்தது. ஒரு பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டான். சாயம் தன்மேல் படும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. ஆகவே சாயத்தோடு சாயம் சேரச் சேர இருள் மிகும். திரையோ தானே ஒளி விடுகிறது. அங்கே ஒளியோடு ஒளி சேரச் சேர வெளிச்சம் மிகும். இரண்டு கணக்குகளும் சரியே. ஒன்று கழித்தல், மற்றொன்று கூட்டல்.

ஒரு கட்டத்துக்குள் முழுவதும் வண்ணம் நிரப்புவது எப்படி? அதற்கு நம் வயல் வெளியைத்தான் உவமை சொன்னேன். 1895-இல் பெரியாற்று அணை கட்டி முடிந்து, அந்நீர் வைகையோடு கலந்து நம் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறதல்லவா? மேலூரிலோ வாடிப்பட்டியிலோ ஒரு வயலில் மடையைத் திறந்தால் என்ன நடக்கிறது? நீர் தான் நிற்கும் இடத்தை நனைத்துவிட்டு நாற்புறமும் பார்க்கிறது. வரப்பு இல்லாத பக்கமெல்லாம் பரவுகிறது. நிரலும் அவ்வாறே ஒரு புள்ளிக்கு வண்ணம் பூசிவிட்டு, மேலே, கீழே, இடம், வலம் ஆகிய நான்கு அண்டைப் புள்ளிகளையும் விசாரிக்கிறது. எல்லைக்கோடு இல்லையென்றால் அங்கும் பூசுகிறது. வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் நீர் அடுத்த வயலுக்கு ஓடிவிடும். எல்லைக்கோட்டில் ஒரே ஒரு புள்ளி விட்டுப்போனால் வண்ணம் வெளியேறித் திரை முழுவதையும் முழுக்காட்டிவிடும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நண்டு வளையைத் தேடக் கற்றுக்கொண்டார்கள்.

நேயர்களே, இனி என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

வகுப்பில் ஒரு பெண். எட்டாம் வகுப்பு மாணவி. அவளுடைய தாய் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுபவர். ஒரு சனிக்கிழமை, குத்துவிளக்கு ஒன்றை வரையுமாறு எல்லோருக்கும் சொன்னேன். மற்றவர்களின் விளக்குகள் நிமிர்ந்து நின்றன. இந்தப் பெண்ணின் விளக்குத்தண்டோ, கீழே வர வர இடப்பக்கம் சாய்ந்து, திரையின் விளிம்பைத் தொட்டு மறைந்து, எஞ்சிய பகுதி வலப்பக்க விளிம்பில் தலைகாட்டியது. அவள் மும்முறை திருத்திப் பார்த்தாள். மும்முறையும் அப்படியே வந்தது. எனக்கு அன்று என்ன அவசரமோ தெரியவில்லை. 'கவனம் இல்லாதவர்களுக்குக் கணிப்பொறி கைவராது' என்று எல்லோர் காதும் கேட்கச் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. குறிப்பேட்டை மூடி வைத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மனம் கேளாமல் அவள் வீட்டுக்குப் போனேன்.

திண்ணையில் தாய் உட்கார்ந்து முடிச்சிட்டுக்கொண்டிருந்தார். மகளும் அருகில் அமர்ந்து அதே வேலையைச் செய்துகொண்டிருந்தாள். சுங்குடியின் வேலையை நான் அன்றுதான் அருகிருந்து பார்த்தேன். துணியில் வரிசையாகப் புள்ளி குறித்திருக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலை இறுகச் சுற்றி முடிச்சிடுகிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். பிறகு துணி சாயத்தில் தோயும். நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாது. முடிச்சை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி பூத்து நிற்கும். முடிச்சு தளர்ந்தால் சாயம் உள்ளே கசிந்து புள்ளி மங்கிவிடும். இந்தக் கைத்தொழிலின் பெருமையை மதித்து 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆயினும் அச்சிட்ட புள்ளிச் சேலைகள் பெருகி, கையால் முடிச்சிடுவோர் குறைந்துவிட்டனர். அந்தக் குறைந்த கூலிக்குத்தான் இந்தப் பெண்ணும் அன்று உட்கார்ந்திருந்தாள்.

"அவளுக்கு அது வரவில்லையாம், சார். இதையே பார்க்கிறேன் என்கிறாள்," என்றார் தாய்.

எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்த் தன் குறிப்பேட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். திரையில் வந்த கோணல் விளக்கைக் கட்டத்தாளில் புள்ளி புள்ளியாக அப்படியே பெயர்த்து வரைந்திருந்தாள். தவறு எங்கே என்று தானே கண்டுபிடிக்க முயன்றிருக்கிறாள்! கவனம் இல்லாத பிள்ளை செய்யும் காரியமா அது?

தாய் எட்டிப் பார்த்தார். விரல் நுனியால் தண்டின் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு கீழே வந்தார். பிறகு சொன்னார்: "முதல் வரிசை சரியாக இருக்கிறது, சார். அதற்கப்புறம் வரிசைக்கு ஒரு புள்ளியாகப் பின்வாங்குகிறது. கை தவறியிருந்தால் ஓரிடத்தில் கோணும். இப்படி ஒரே சீராகக் கோணாது. வரிசைக்கு எத்தனை புள்ளி என்று கணக்குச் சொன்னவர் ஒன்று குறைத்துச் சொல்லியிருக்கிறார்."

நான் குறிப்பேட்டின் முந்தைய பக்கத்தைத் திருப்பினேன். நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட வாய்பாட்டை, தேதியிட்டு, அழகான கையெழுத்தில் அவள் எழுதிவைத்திருந்தாள். 'வரிசை எண்ணை 31-ஆல் பெருக்குக' என்றிருந்தது. கடைசிப் புள்ளியின் எண் 31 என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, 32 என்று எழுதவேண்டிய இடத்தில் 31 என்று எழுதியவன் நானே. மற்றப் பிள்ளைகள் முன்பு நான் கொடுத்த அச்சுத்தாளைப் பார்த்து எழுதினார்கள், தப்பித்தார்கள். ஆசிரியர் எழுதியதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியவள் இவள் ஒருத்தியே. அவளுடைய விளக்கு சாய்ந்ததற்கு அவளுடைய கவனமே காரணம்!

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்தவன் நான். பிழையான விடையைக் கண்டவுடன் மாணவனின் கையைப் பார்ப்பதே எனக்குப் பழக்கமாகிவிட்டது. கொடுத்த கணக்கைப் பார்க்கும் பழக்கம் வரவில்லை. அந்தத் தாய் சாய்ந்த விளக்கைப் பார்த்ததும் சாய்வின் சீரைப் பார்த்தார். சீரான பிழைக்குக் காரணம் கை அன்று, அளவு என்று கண்டுகொண்டார். எண்ணிலடங்காத முடிச்சுகளை இட்டு அவர் பெற்ற அறிவு அது.

"பிழை என்னுடையது, அம்மா," என்று இருவரிடமும் சொன்னேன். அது போதாது. பழி சொன்னது பத்துப் பேர் முன்னிலையில். ஆகவே அடுத்த வகுப்பில் கரும்பலகையில் 31 என்று எழுதி, அதை எல்லோரும் காண அடித்து, 32 என்று எழுதி, நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் அன்று வந்திருந்தாள். தன் நிரலில் ஒரே ஓர் எண்ணை மாற்றினாள். விளக்கு நிமிர்ந்து நின்றது. சுடருக்குச் சிவப்பு 255, பச்சை 160, நீலம் 0 என்று தானே தேர்ந்து வண்ணமிட்டாள். நன்றாக இருந்தது.

பிறகு அவள் என்னை ஒரு கேள்வி கேட்டாள்: "0-இலிருந்து எண்ணுவதால்தானே, சார், இந்தக் குழப்பம்? 1-இலிருந்து எண்ணினால் என்ன?"

நல்ல கேள்வி. நான் சொன்ன விடை இது: புள்ளியின் எண் என்பது அதன் பெயர் அன்று, அதை அடைவதற்கு முன் எத்தனை புள்ளிகளைக் கடந்து வந்தோம் என்ற கணக்கு. முதற்புள்ளிக்கு முன் எதுவும் இல்லை. ஆகவே அது 0. உன் அம்மா துணியை முழம் போடும்போது விளிம்பிலிருந்துதானே தொடங்குகிறார்? விளிம்பில் முழம் எதுவும் ஆகவில்லை அல்லவா? அவள் சற்று யோசித்துத் தலையசைத்தாள். இப்போதும் சனிக்கிழமை தவறாமல் வருகிறாள். புதிதாக வரும் பிள்ளைகளின் கோணல் படங்களை என்னிடம் கொண்டுவருவதற்கு முன் அவளிடந்தான் காட்டுகிறார்கள். அவள் முதலில் என் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் நிரலைப் பார்க்கிறாள்.

தாளில் நீங்கள் வரைந்த வைரம் இன்னும் உங்கள் கையில் இருக்கும். அது நேராக வந்திருந்தால் அதற்குக் காரணம் நான் சொன்ன 25 எண்கள் மட்டும் அல்ல. அவற்றுக்கு முன் சொன்ன ஓர் எண்ணும், அதை நீங்கள் நம்பி ஏற்றுக்கொண்டதுமே. படம் வரைபவரின் கை பிறகு வருகிறது. வரிசைக்கு எத்தனை புள்ளி என்று சொல்லுபவரின் பொறுப்பு அதற்கு முன்னே நிற்கிறது. பிள்ளைகளுக்கு அளவு சொல்லும் இடத்தில் இருக்கிற நாம் எல்லோரும், அவர்கள் வரைந்தது சாய்ந்திருக்கக் கண்டால், நாம் சொன்ன அளவை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது.